ஊருக்குப் போய் வந்த பேச்சியம்மா

கூனிமலைத் தேயிலைத் தோட்டத்து மேல்லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் ஒரு ஊர் இருந்தது. அடுப்பில் வைக்க அரிசி இல்லாத வீட்டிலும் ஊர் மட்டும் இருந்தது. மஸ்கெலியாவுக்குப் போனால் கடைக்குப் போவது. அட்டனுக்குப் போனால் டவுனுக்குப் போவது. "ஊருக்குப் போறேன்" என்று ஒருவர் சொன்னால் கடல் தாண்டி இந்தியாவுக்குப் போகிறார் என்று அர்த்தம். "எந்த ஊருக்கு?" என்று யாராவது திருப்பிக் கேட்டால், அந்த ஆள் தோட்டத்தில் பிறக்கவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

பேச்சியம்மாவுக்கு ஊர் இல்லை.

அவளுடைய அப்பனுக்கு ஒரு ஊர் இருந்தது. ஆனால் தாலி ஏறிய பிறகு பொம்பளைக்குப் புருசன் ஊர்தானே ஊர். புருசன் ஆண்டியப்பன் தேயிலை காயவைக்கும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன். நெருப்போடு இருந்து இருந்து பேச்சு வற்றிப்போன ஆள். அவனைக் கேட்டால் "அப்பாவக் கேளு" என்பான். அவன் அப்பன் சோலைமலை, வயசாகி வேலைப் பதிவிலிருந்து பேர் எடுத்துவிட்ட கிழவர். அவரைக் கேட்டால் ஒரு பாட்டம் அழுது, ஒரு பாட்டம் இருமி, கடைசியில் சொல்வார்.

சோலைமலையின் அப்பன் சின்னப் பையனாகத் தாய் தகப்பனோடு தோணியில் வந்து மன்னார்த் தீவில் இறங்கியவன். இறங்கிய இடத்திலேயே வாந்திபேதியில் தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்தார்கள். பேசாலைக் கடற்கரை மணலில் இருவரையும் புதைத்துவிட்டு, கங்காணி பையனை மட்டும் ஆட்டுக்குட்டி மாதிரி மலைக்கு ஓட்டி வந்தான். ஊர்ப் பேர் என்னவென்று பையனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு கிணறு இருந்ததாம், ஒரு நாய் இருந்ததாம். கிணறும் நாயும் இல்லாத ஊர் இந்தியாவில் எது? அதோடு அந்தக் குடும்பத்துக்கு ஊர் அறுந்துபோனது.

இந்தக் குறையைப் பக்கத்து வீட்டு அழகம்மா ஒருநாளும் பேச்சியம்மாவை மறக்கவிட்டதில்லை. அழகம்மா இரண்டு தடவை ஊருக்குப் போய் வந்தவள். மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் குடம் வைக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"எங்க ஊர்ல வெயிலே வேற வெயிலுடி பேச்சி. அந்த வெயில்ல ஒரு தடவ நின்னாப் போதும், இங்க இருக்கிற சளியெல்லாம் ஓடிப்போயிரும்."

"நின்னுட்டுத்தானே வந்தீங்க அழகம்மாக்கா? நேத்துப் பூரா இருமுனீங்களே."

"அது இந்த ஊருச் சளிடி. ஊரு இல்லாதவளுக்கு அந்த வித்தியாசமெல்லாம் எங்க தெரியப்போவுது!"

பீலியில் நிற்கிற பொம்பளைகள் சிரிப்பார்கள். பேச்சியம்மாவும் சிரிப்பாள். பிறகு வீட்டுக்கு வந்து, ஒரு பாவமும் அறியாத ரொட்டி மாவைப் போட்டு நசுக்குவாள்.

இப்படி இருக்கையில், ஊர் இல்லாததே லாபம் என்று ஒரு காலம் வந்தது. நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு, தோட்டத்துச் சனம் இந்த நாட்டுச் சனமில்லை என்று சட்டம் வந்துவிட்டது. வேணுமென்றால் மனுக் கொடுக்கலாம். இங்கேதான் நிலையாக இருக்கிறோம், அக்கரை நினைப்பே இல்லை என்று காட்டினால் பிரஜையாக எழுதிக்கொள்வார்கள். ஐம்பத்தொன்றில் ஆண்டியப்பன் குடும்பத்துக்கும் சேர்த்து மனுக் கொடுத்தான். எழுதிக்கொடுத்த சங்கத்துத் தலைவர் முத்துலிங்கம் அவன் தோளைத் தட்டிச் சொன்னார்:

"ஒனக்கு என்னப்பா கவல? மத்தவங்கெல்லாம் ஊருக்குப் போனது வந்தது, பணம் அனுப்புனதுன்னு மாட்டிக்குவாங்க. நீ ஊரே இல்லாதவன். மொதப் பிரஜை நீதான்."

பிறந்ததிலிருந்து அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்றார்கள். கூப்பிடவில்லை. வருசங்கள் போயின. மனு எந்தப் பெட்டியில் தூங்கியதோ, அதை எழுப்ப யாரும் காலைப் பெரட்டுத் தப்பு அடிக்கவில்லை போலிருக்கிறது.

கருவாட்டுக்கார செபஸ்தியாம்பிள்ளைதான் பயணத்துக்கு வித்துப் போட்டவர். பேசாலையில் இருந்து கருவாடு கொண்டுவந்து மஸ்கெலியாவில் விற்கிற மனுசர். அவர் வருவதற்கு முன்னால் அவர் வாசனை வந்துவிடும். பேசாலை என்ற பேரைக் கேட்டதும் சோலைமலைக் கிழவர் அவர் காலடியில் உட்கார்ந்து தன் தாத்தா பாட்டி கதையைச் சொல்லி அழுதார். செபஸ்தியாம்பிள்ளைக்கும் கண் கலங்கிவிட்டது.

"என்ன அண்ணை இது, அழாதேங்கோ. ஒருக்கா எல்லாரும் வந்து நிண்டுட்டுப் போங்கோவன். எங்கட வீடு கடற்கரையிலதான். மீன் இருக்கு, மணல் இருக்கு, படுக்க இடம் இருக்கு."

"வேலைக்குப் போகாம சும்மா வந்து இருக்கிறதா?" என்று கேட்டாள் பேச்சியம்மா.

"ஓம் பிள்ளை. சும்மாதான். துரைமார் கடற்கரைக்குப் போறேல்லையோ?"

துரைமார் செய்வதைத் தாங்களும் செய்யலாம் என்று யாரும் அதுவரை அவளிடம் சொன்னதில்லை. அந்த நினைப்பு, செருப்புக்குள் புகுந்த சரளைக்கல் மாதிரி அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் காலம் வந்து கொழுந்து குறைந்ததும், ஆண்டியப்பன் லீவு கேட்டான். கிழவர், புருசன், பெஞ்சாதி, வயசுக்கு வந்திருந்த மகள் நாகலெட்சுமி, பல் விழுந்த மகன் சின்னராசா என்று மூன்று தலைமுறையும் மூட்டை கட்டியது.

பொல்காவலையில் ரயில் மாறினார்கள். தலைமன்னார் ரயிலில் முக்கால்வாசிப் பேர் அக்கரைக்குப் போகிறவர்கள். எதிரில் இருந்தவர் "எந்த ஊருக்கு?" என்று கேட்க, சோலைமலை நெஞ்சை நிமிர்த்தி "பேசாலை" என்றார். அந்த மனுசர் இராமநாதபுரம் ஜில்லா முழுவதையும் மனசுக்குள் தேடிப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனார்.

தீவில் இறங்கியதும் வெயில் கன்னத்தில் அறைந்தது. சின்னராசா கழுதையை முதல்முதல் பார்த்தான்.

"அப்பா, இந்த மாடு ஏன் பாதி வளந்து நின்னுபோச்சு?"

பேசாமடந்தை ஆண்டியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். புருசனுக்குப் பின்பல் ஒன்று இல்லை என்பதைப் பேச்சியம்மா அன்றைக்குத்தான் கண்டாள். இத்தனை வருசக் குடும்பத்தில் அவன் அவ்வளவு வாயைத் திறந்ததில்லை.

செபஸ்தியாம்பிள்ளை அவர்களைக் கரையோரமாகக் கூட்டிப் போனார். பனைகளுக்கு அப்பால் வெறும் மணல்மேடு. சிலுவையும் இல்லை, கல்லும் இல்லை.

"அந்தக் காலத்தில வருத்தம் வந்து செத்த ஆக்களை இஞ்சாலதான் தாட்டது எண்டு எங்கட அப்பு சொல்லுவார். இன்ன இடம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

கிழவர் குனிந்து மணலைத் தடவினார். ஒரு இடத்தில் தடவினார், பிறகு தள்ளிப்போய் இன்னொரு இடத்தில் தடவினார். எதற்கும் இருக்கட்டும் என்று மேடு முழுக்கத் தடவினார். கொண்டுவந்த பனங்கள்ளில் பாதியைத் தாத்தா பாட்டிக்கு ஊற்றினார். மீதியைத் தானே குடித்தார். "அவங்களும் குடுத்துட்டுத்தான் குடிச்சிருப்பாங்க" என்று நியாயமும் சொன்னார். பிறகு அந்த மணலிலேயே படுத்து, தொட்டில் பிள்ளை மாதிரி தூங்கினார். ஆண்டியப்பன் துண்டை விரித்து அப்பன் முகத்துக்கு வெயில் படாமல் பிடித்துக்கொண்டு, அவர் எழும்பும்வரை நின்றான்.

பேச்சியம்மா கடலுக்குள் இடுப்பளவு இறங்கினாள். காலையில் எழுப்பத் தப்புச் சத்தம் இல்லை. முதுகில் கூடை இல்லை. பின்னால் நின்று ஏசக் கங்காணி இல்லை. கை இரண்டுக்கும் வேலை இல்லாததால் அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் தண்ணீரின் மேல் வைத்துக்கொண்டாள். நாகலெட்சுமி தாய் மேல் தண்ணீரை வாரி அடித்தாள். "ஏய் கழுத!" என்று ஏசிக்கொண்டே மகளைவிட இரண்டு மடங்கு வாரி அடித்தாள் தாய். ஒருநாள் தலைமன்னார்த் துறைக்குப் போய் அக்கரைக் கப்பலையும் பார்த்தார்கள். அது புகை விட்டதையும், ஊதியதையும், சனம் மூட்டையோடு ஏறியதையும் வாய் பிளந்து பார்த்தார்கள். சின்னராசா யாரென்றே தெரியாத ஆட்களுக்கெல்லாம் கை காட்டினான். கப்பல் போனது. இவர்கள் திரும்பி வந்து மீன் குழம்பு சாப்பிட்டார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. பேச்சியம்மா அதை அப்படியே சொல்லியிருக்கலாம்.

திரும்பி வந்த மறுநாள் பீலியில் அழகம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். கறுத்த முகம், உரிந்த மூக்கு, கையில் பனையோலைப் பெட்டி.

"ஏடி பேச்சி, குடும்பமே காணாமப் போயிருச்சேன்னு பாத்தேன். என்னாது பெட்டியில? கருப்பட்டியா? எங்கடி போனீங்க?"

மன்னாருக்கு என்று சொல்லத்தான் பேச்சியம்மா வாயைத் திறந்தாள். இத்தனை வருசமாக அந்த வாய்க்குள் காத்துக்கிடந்த வேறொரு சொல் முந்திக்கொண்டது.

"ஊருக்குக்கா."

பீலியில் குடங்கள் நிரம்பி வழிந்தன. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஊர் கெடச்சிருச்சா? சொந்தக்காரங்க இருக்காங்களா? கப்பல்ல தல சுத்துச்சா? ஒரு பொய்யைச் சொன்னால் அது தன் அண்ணன் தம்பியையெல்லாம் கூட்டி வரும். கப்பல் ஊதியதை அவள் ஊதிக்காட்டினாள். மணலைச் சொன்னாள், பனையைச் சொன்னாள், கழுதையைச் சொன்னாள். ஏறாத கப்பலைத் தவிர மற்றதெல்லாம் கண்ணால் கண்டதுதான் என்பதால் நாக்கு எங்கேயும் தடுக்கவில்லை. அழகம்மா ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் போட்டு, கண்ணை மூடி, "ஊருக் கருப்பட்டிதான்டி" என்று சான்றிதழ் கொடுத்தாள். அன்றைக்கு முதல்முதலாக, தன் குடத்தை நகர்த்தி பேச்சியம்மாவின் குடத்தை முன்னால் வைத்தாள்.

கிழவருக்கு விசயம் போனது.

"எந்த ஊருக்குடி போனோம்?"

"மாமா, நீங்க சும்மா இருங்க."

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? எங்க தாத்தன் பாட்டி பொதஞ்ச எடந்தானே நம்ம ஊரு? நீ சொன்னதுல பொய்யே இல்ல. என்னா, கப்பல மட்டும் கொறச்சுக்க."

கப்பலைக் குறைக்க முடியவில்லை. ஊர் வந்த பிறகு வீட்டுக்கு மரியாதை வந்தது. மரியாதை வந்த பிறகு நாகலெட்சுமியைக் கேட்டு நோர்வூட்டில் இருந்து நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் முதல் கேள்வியாக "ஒங்களுக்கு ஊரு?" என்று கேட்டபோது, அழகம்மாவே முந்திக்கொண்டு "போன வருசந்தான் எல்லாருமாப் போயிட்டு வந்தாங்க" என்றாள். கல்யாணம் நடந்தது. பீலியில் பேசுவது பீலித் தண்ணீரோடு ஓடிவிடும் என்று பேச்சியம்மா நம்பினாள்.

அதற்கடுத்த வருசம் மனு தூக்கத்திலிருந்து எழும்பியது.

தோட்டத்து ஆபீசில் மேசை போட்டு, விசாரணைக்கு வந்த சிங்கள ஐயா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தமிழை மாற்றிச் சொல்ல ஒரு கழுத்துப்பட்டி ஐயா. ஆண்டியப்பன் கேட்டதற்கெல்லாம் ஒரு சொல்லில் பதில் சொன்னான். எங்கே பிறந்தாய்? இங்க. அப்பன்? இங்க. எல்லாம் நல்லபடியாகப் போனது. ஐயா பேனாவை மூடினார். குடும்பம் நிலையாக இங்கேயே இருக்கிறது என்று சொல்ல அக்கம்பக்கத்துச் சாட்சி ஒன்று மட்டும் வேணும் என்றார்கள்.

அழகம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு தானாகவே வந்திருந்தாள்.

"இந்தக் குடும்பத்தை உனக்கு நல்லாத் தெரியுமா?"

"தெரியாமலா ஐயா! நல்ல குடும்பம். கௌரவமான குடும்பம். ஊரு தெரியாதவங்கன்னு யாராச்சும் ஒங்ககிட்டச் சொல்லியிருந்தா நம்பாதீங்க. எல்லாரும் கப்பல் ஏறி ஊருக்குப் போய் வந்தவங்க. நானே கருப்பட்டி தின்னேன்."

அவள் முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. வாழ்நாளெல்லாம் குத்திக்காட்டியவள், பெரிய ஐயா முன்னால் முதல்முதலாக வாய் நிறைய நல்ல வார்த்தை சொன்னாள். கழுத்துப்பட்டி ஐயா மாற்றிச் சொன்னார். அழகம்மா வாயில் ஊர் என்று புறப்பட்டது அவர் வாயில் 'இந்தியா' என்று வந்து இறங்கியது. பெரிய ஐயா பேனாவைத் திறந்தார்.

ஆண்டியப்பன் பெஞ்சாதியைப் பார்த்தான். பேச்சியம்மா எழுந்து மேசைக்குக் கிட்டே போனாள். வாசலில் பாதி லயம் நின்றுகொண்டிருந்தது.

"ஐயா, நாங்க ஊருக்குப் போகலைங்க. தலைமன்னார் ரயிலேறி மன்னாருக்குத்தான் போனோம். கப்பலப் பாத்ததோட சரி. நாந்தான் பெருமைக்குப் பொய் சொல்லிட்டேன்."

வாசலில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அழகம்மாவாக இருக்கும்.

"மன்னாருக்கு எதுக்குப் போனீங்க? கோயிலுக்கா?"

"இல்லைங்க."

"வேலைக்கா?"

"இல்லைங்க. சும்மா. கடலப் பாத்துக்கிட்டு சும்மா இருந்துட்டு வரலாம்னு."

கழுத்துப்பட்டி ஐயாவுக்கே அதை மாற்றிச் சொல்வதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய ஐயாவும் சிரித்தார். வருசா வருசம் சீசனுக்குக் குடும்பத்தோடு நுவரெலியாவுக்கு வந்து, ஏரிக்கரையில் சும்மா இருந்துவிட்டுப் போகிற மனுசர்தான்.

"தோட்டத்து ஆளுங்க வெக்கேசன் போனாங்களாமா? ஐயா கேக்குறாரு, தலைமன்னாருக்கு டிக்கட் எடுத்தவங்க கப்பலப் பாத்துட்டுத் திரும்பி வந்தீங்களா?"

"ஆமாங்க. பாத்துட்டுத் திரும்பி வந்தோம்."

"அப்போ சொன்னது பொய்யின்னு சொல்றே. இப்போ சொல்றது பொய்யில்லேன்னு ஐயா எப்படி நம்புறது?"

"கப்பல்ல போயிருந்தா பேரு பதிஞ்சிருக்குமேங்க. தேடிப் பாருங்க ஐயா, இருக்காது!"

அவள் சொன்னதிலேயே மிகக் கெட்டிக்காரத்தனமான பேச்சு அது. கழுத்துப்பட்டி ஐயா அதை மாற்றிச் சொல்ல, பெரிய ஐயா தலையாட்டி இரண்டு சொல் சொன்னார். திரும்பி வந்த தமிழ் இதுதான்:

"பதிவு இல்லேன்னா தோணியில போயிருக்கீங்க. கள்ளத்தோணி."

கருவாட்டுக்காரரைக் கூட்டி வருகிறோம், அவர் வீட்டில்தான் இருந்தோம் என்று பேச்சியம்மா கத்தினாள். நேரம் முடிந்தது என்றார்கள். அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டார்கள். சோலைமலைக் கிழவர் வாசல்படியில் உட்கார்ந்து, "நான் பொறந்தது இந்த லயத்துலதான், அந்தக் கடைசிக் காம்பிரா வீட்டுல" என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். அவர் கை காட்டிய பக்கம் மூடுபனி இறங்கியிருந்தது. பனி இல்லாவிட்டாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மனு தள்ளுபடி. அன்றைக்கு ஆண்டியப்பன் பெஞ்சாதியை அடிப்பான் என்று லயமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. அவன் அடிக்கவில்லை, ஏசவில்லை. "அந்தக் கடலு நல்லாத்தான் இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு விறகு தள்ளப் போனான். அடித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அழகம்மா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் பீலியில், "என்னாத்துக்குடி எங்கிட்டப் பொய் சொன்ன? நெசத்தச் சொல்லியிருந்தா நெசத்தச் சொல்லியிருப்பேனே" என்று சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பேச்சியம்மா அவள் குடத்தை எடுத்து முன்னால் வைத்தாள். வேறென்ன செய்வது?

அறுபத்து நாலில் இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, நாடில்லாத சனத்தை உனக்கு இத்தனை எனக்கு இத்தனை என்று பங்கு போட்டார்கள். அழகம்மா குடும்பத்தின் மனுவும் எப்போதோ தள்ளுபடியாகியிருந்தது. அவள் சந்தோசமாகவே மூட்டை கட்டத் தயாரானாள். இங்கேயே கிடந்தால் எந்தக் கடுதாசியும் இல்லாமல் பிள்ளைக்கு வேலையும் கிடைக்காது, மரியாதையும் கிடைக்காது என்று எல்லாரும் சொன்னார்கள். சின்னராசாவுக்கு மீசை அரும்பியிருந்தது. ஆண்டியப்பன் குடும்பமும் இந்தியப் பிரஜையாக எழுதிக்கொள்ளக் கண்டியில் இருந்த இந்திய ஆபீசுக்குப் போவதென்று முடிவானது.

"அங்க மொதக் கேள்வியே எந்த ஊருன்னுதானே கேப்பாங்க" என்றாள் பேச்சியம்மா.

அழகம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க ஊரச் சொல்லு. மேலக்காவனூரு. துறையூருக்குப் பக்கம். நான் சாட்சி சொல்றேன். இந்தத் தடவ சரியாச் சொல்றேன்டி."

பஸ்ஸில் கண்டி வரைக்கும் பேச்சியம்மா அந்தப் பேரை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டே வந்தாள். மேலக்காவனூர். மேலக்காவனூர். ஆபீசில் இருந்த ஐயா தமிழர். நல்லபடியாகப் பேசினார், உட்காரச் சொன்னார்.

"உங்களுக்கு எந்த ஊர்?"

"மேலக்காவனூருங்க."

ஒரு கேள்வியும் இல்லை. எழுதிக்கொண்டார். பிறகு கிழவர் பக்கம் திரும்பி, மரியாதைக்குக் குரலை உயர்த்திக் கேட்டார்:

"பெரியவரே, உங்க ஊரு எது?"

சோலைமலை தடியை ஊன்றி நெஞ்சை நிமிர்த்தினார்.

"பேசாலை."

ஐயாவின் பேனா நின்றது. ஆண்டியப்பன் தரையைப் பார்த்தான். பேச்சியம்மா சட்டென்று மாமனாரின் தோளை அமுக்கிப் பிடித்தாள்.

"வயசாயிருச்சுங்க ஐயா. அவருக்குப் புத்தி தெளிவில்ல. ஒளறுவாரு. நீங்க மேலக்காவனூருன்னே எழுதிக்கங்க."

கிழவர் மருமகளை நிமிர்ந்து பார்த்தார். ஐயா எழுதி முடிக்கும்வரை அவள் மாமனாரின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.